செல்போனும் மெமரி லீக்கும் - கொஞ்சம் வரலாறு

சாஃப்ட்வேர்காரர்கள் கைவசம் ஒரு சர்வரோக நிவாரணி உண்டு. எந்தப் பொட்டி மக்கர் செய்தாலும் "ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்பார்கள். பாதி நேரம் அது வேலை செய்தும் விடும். ஏன் வேலை செய்கிறது என்று திருப்பிக் கேட்டால்தான் முழிப்பார்கள். அதற்கான பதில்களில் முக்கியமான ஒன்று மெமரி லீக்.

புனேயில் உட்கார்ந்து செல்போன் ஆப்களுக்கு ஆணி பிடுங்குவது என் பிழைப்பு. பிடுங்கியதிலேயே பெரிய ஆணிகள் எல்லாம் இந்த வகைதான். இதற்கு 60 வருஷத்துக்கு மேல் வரலாறு இருக்கிறது. கம்ப்யூட்டர் படிக்காதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். கோடிங் எதுவும் வராது, பயப்படாதீர்கள் :-)

முதலில் மெமரி லீக் என்றால் என்ன?

நம்ம ஊர் வாடகைப் பாத்திரக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். விசேஷத்துக்கு அண்டா, குண்டான், ஜமுக்காளம் எல்லாம் எடுக்கிறோம். முடிந்ததும் கழுவித் திருப்பிக் கொடுக்கிறோம். ஒரு ப்ரோகிராமும் அப்படித்தான். படம் காட்ட, கணக்குப் போட, பட்டியல் வைத்துக்கொள்ள, ராம் என்கிற மெமரியில் இடம் கேட்டு வாங்குகிறது. வேலை முடிந்ததும் அந்த இடம் திரும்பப் போக வேண்டும். போகாவிட்டால் அதுதான் லீக். ஒரு கரண்டி குறைந்தால் கடைக்காரருக்குத் தெரியாது. தினமும் ஒரு கரண்டி என்றால், ஒருநாள் முகூர்த்த நேரத்தில் ஒருவர் வந்து காலி அலமாரியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

உண்மையில் 'லீக்' என்ற பேரே சரியில்லை. எதுவும் ஒழுகி வெளியே போவதில்லை. எல்லாம் உள்ளேயேதான் கிடக்கிறது, யாருக்கும் உபயோகமில்லாமல்.

1960: இரண்டு வைத்தியங்கள்

அமெரிக்காவின் எம்ஐடியில் ஜான் மெக்கார்த்தி என்ற கணித மேதை லிஸ்ப் என்ற மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தார். கையில் இருந்தது ஐபிஎம் 704 கம்ப்யூட்டர். அதன் மெமரி அதிகபட்சம் 32,768 சொற்கள். இன்றைய கணக்கில் சுமார் 144 கிலோபைட். தினமும் காலையில் வாட்ஸப்பில் வரும் குட்மார்னிங் ரோஜாப்பூ படம் பல சமயம் இதைவிடப் பெரிசு.

லிஸ்ப் ப்ரோகிராம்கள் பட்டியலுக்குள் பட்டியல் என்று போட்டுக்கொண்டே போகும். எந்தப் பட்டியலின் வேலை எப்போது முடிகிறது என்று எழுதுகிறவரே கணக்கு வைத்துக்கொள்வது பெரும் தொல்லை. மெக்கார்த்தியின் யோசனை இது: நீ எதையும் திருப்பித் தர வேண்டாம். இடம் தீர்ந்துபோனதும் கம்ப்யூட்டரே வேலையை நிறுத்திவிட்டு, ப்ரோகிராம் கையில் பிடித்திருப்பது எது, அது பிடித்திருப்பது எது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போய் அடையாளம் வைக்கும். அடையாளம் விழாததெல்லாம் குப்பை. அந்த இடத்தை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். இதற்குப் பேர் கார்பேஜ் கலெக்ஷன். 1960 ஏப்ரலில் வெளிவந்த அவருடைய லிஸ்ப் கட்டுரையில் இந்த முறை இருக்கிறது.

இதில் ஒரு தமாஷ் உண்டு, மெக்கார்த்தியே பின்னாளில் சொன்னது. எம்ஐடிக்கு வந்திருந்த தொழில்துறை விருந்தினர்களுக்கு லிஸ்ப்பை ஓட்டிக் காட்டினார்கள். நடுவில் மெமரி தீர்ந்துவிட்டது. உடனே தட்டச்சு இயந்திரம், குப்பை சேகரிப்பவர் அழைக்கப்பட்டிருக்கிறார், இதோ சில சுவாரசியமான புள்ளிவிவரங்கள் என்று மெதுவாக ஒவ்வொரு எழுத்தாக அடிக்க ஆரம்பித்தது. இந்தக் குப்பை விஷயத்தைப் பற்றி விருந்தினர்களுக்கு யாரும் முன்னால் சொல்லவே இல்லை. யாரோ விளையாட்டுக்குச் செய்த வேலை என்று நினைத்துக் கூட்டம் சிரித்தது. கொடுத்திருந்த நேரமும் அதோடு தீர்ந்துபோனது.

அதே 1960 டிசம்பரில் ஐபிஎம்மில் இருந்த ஜார்ஜ் காலின்ஸ் இன்னொரு வழி சொன்னார். ஒவ்வொரு பொருளின் மேலும் ஒரு எண். எத்தனை பேர் அதைப் பிடித்திருக்கிறார்களோ அத்தனை. ஒருவர் விட்டால் ஒன்று குறையும். பூஜ்யம் ஆனதும் பொருள் திரும்பப் போய்விடும். நடுவில் நிறுத்திவிட்டுக் குப்பை பொறுக்கும் வேலையே இல்லை. ரெஃபரன்ஸ் கவுன்டிங் என்பார்கள்.

அழகான யோசனைதான். ஆனால் 1963-லேயே மெக்பெத் என்பவர் அதில் ஒரு ஓட்டையைச் சுட்டிக்காட்டினார். இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால்? அண்டாவை யார் வைத்திருக்கிறார் என்றால் மூடி. மூடியை யார் வைத்திருக்கிறார் என்றால் அண்டா. கல்யாணம் முடிந்து மண்டபம் காலியானாலும் இரண்டின் எண்ணும் பூஜ்யத்துக்கு வராது.

இந்த இரண்டு வைத்தியங்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வருஷம் கழித்து ஆண்ட்ராய்டு முதலாவதை எடுத்துக்கொண்டது. ஐபோன் இரண்டாவதை எடுத்துக்கொண்டது, அந்த 1963 ஓட்டையோடு சேர்த்து.

நீயே எடு, நீயே கொடு

1970-களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய சி மொழி இரண்டு வழிக்கும் போகவில்லை. இடம் வேண்டுமானால் கேட்டு வாங்கு, முடிந்ததும் நீயே திருப்பிக் கொடு, அவ்வளவுதான். வேகம் அதிகம். பொறுப்பு முழுக்க எழுதுகிறவன் தலையில். மனுஷன் மறப்பான், எனவே லீக்கும் வந்தது.

ஆனாலும் பல வருஷம் இது பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை. காரணம் எளிது. அன்றைய ப்ரோகிராம்கள் பலவும் ஓடும், விடை தரும், முடிந்துவிடும். ஒரு ப்ரோகிராம் முடிந்தால் அது வாங்கியிருந்த மெமரி அத்தனையையும் ஆபரேட்டிங் சிஸ்டமே பறித்துக்கொள்ளும். கடனாளி ஊரைவிட்டே போனதும் வீட்டைக் கடைக்காரர் ஒட்டுமொத்தமாகக் காலி செய்வதுபோல. ரீஸ்டார்ட் வைத்தியத்தின் ரகசியம் இதுதான்!

முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும் ப்ரோகிராம் என்றால் கதை வேறு. 1992-ல் லண்டன் ஆம்புலன்ஸ் சர்வீஸில் வண்டிகளை அனுப்ப ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு கொண்டு வந்தார்கள். அக்டோபர் 26 அன்று முழுமையாக ஓட ஆரம்பித்ததுமே வேறு பல காரணங்களால் குழப்பம். அதைப் பாதி கைவேலையாக மாற்றிச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். நவம்பர் 4 அதிகாலை 2 மணிக்குப் பிறகு அந்த ஏற்பாடும் மெதுவாகி, உறைந்து நின்றுவிட்டது. விசாரணையில் கண்டுபிடித்தது இது: ஒவ்வொரு முறை வண்டி அனுப்பும்போதும் சர்வரில் கொஞ்சம் மெமரி எடுக்கப்பட்டது, திரும்ப விடப்படவில்லை. மூன்று வாரத்தில் அத்தனையும் தீர்ந்தது. ஊழியர்கள் பேப்பர், பேனாவுக்குத் திரும்பினார்கள். ஆம்புலன்ஸுக்காகக் காத்திருப்பவருக்கு மெமரி லீக் என்ற வார்த்தை தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் அதன் விலையைக் கொடுப்பது அவர்தான்.

அதே காலத்தில் லீக் பிடிக்கும் கருவிகளும் வந்தன. 1991-ல் ப்யூரிஃபை என்று ஒன்று வந்தது. எந்த இடத்தில் வாங்கியது திரும்பவில்லை என்று காட்டிக் கொடுக்கும். அதை உருவாக்கியவர் ரீட் ஹேஸ்டிங்ஸ். ஆமாம், 1997-ல் நெட்ஃப்ளிக்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான அதே ஹேஸ்டிங்ஸ்தான். 2002-ல் ஜூலியன் சீவர்டின் வால்கிரைண்ட் இலவசமாக வந்தது. லினக்ஸில் சி எழுதுகிறவர்களுக்குக் கண்கண்ட தெய்வம்.

மறதி போய் பிடிவாதம் வந்தது

1995-ல் ஜாவா வந்தது. மெக்கார்த்தியின் பழைய வைத்தியத்தைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுபோனது ஜாவாதான். "இனிமே மெமரி லீக்கே கிடையாது" என்று நிறையப் பேர் நம்பினார்கள். இன்டர்வியூவில் இப்படிப் பதில் சொல்கிறவர்களை நான் இன்றும் பார்க்கிறேன்.

2005 அக்டோபர் 8. அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் டிரைவர் இல்லாத வண்டிகளுக்கு ஒரு பந்தயம், சுமார் 132 மைல். ப்ரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களின் வண்டியும் ஓடியது. அதன் சாஃப்ட்வேர் சி-ஷார்ப்பில் எழுதியது. அதிலும் கார்பேஜ் கலெக்ஷன் உண்டு. வழியில் தெரியும் தடைகளை வண்டி குறித்துக்கொள்ளும். தாண்டியதும் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். ஆனால் அந்தத் தடைகள் வேறொரு இடத்தில், வண்டி நகரும்போதெல்லாம் தகவல் கேட்பவர்களாகப் பதிவாகியிருந்தன. அந்தப் பதிவை யாரும் ரத்து செய்யவில்லை. குப்பை பொறுக்க வந்தவர் பார்த்தார்: "யாரோ பிடித்திருக்கிறார்களே, அப்ப இது வேணும்போல" என்று விட்டுவிட்டுப் போனார். தாண்டி வந்த ஒவ்வொரு தடையும் மெமரியில் தங்கியது. பத்து மைலைத் தொடும் முன்பே வண்டி நின்றுவிட்டது.

இந்த வரலாறு முழுவதிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம். சி காலத்து லீக் மறதியால் வருவது: வாங்கியவன் திருப்பித் தர மறந்தான். கார்பேஜ் கலெக்ஷன் காலத்து லீக் பிடிவாதத்தால் வருவது: வேண்டாததை எங்கோ ஒருவன் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறான். பரண்மேல் கிடக்கும் ஓட்டைக் குடம் மாதிரி. "என்னிக்காவது வேணும்" என்று ஒருவர் சொல்லி வைத்திருக்கும்வரை அதை யாரும் தூக்கிப்போட முடியாது. எந்த மெஷினாலும் "இது இனி தேவையா?" என்று கண்டுபிடிக்க முடியாது. "இதை யாராவது பிடித்திருக்கிறார்களா?" என்று மட்டும்தான் பார்க்க முடியும். இரண்டு கேள்விக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் இன்றைய லீக்குகள் குடியிருக்கின்றன.

செல்போனுக்கு வந்த வியாதி

செல்போனில் இது இரட்டிப்பு வினை. மெமரி குறைவு, ஆனால் போனையோ மாதக்கணக்கில் யாரும் அணைப்பதில்லை. நோக்கியா போன்களில் ஓடிய சிம்பியன்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. டெவலப்பர் சோதித்துப் பார்க்கும்போது, ஆப்பை மூடும் நேரத்தில் வாங்கிய இடமும் திருப்பிய இடமும் கணக்கு ஒத்துவராவிட்டால் அங்கேயே மண்டையில் அடித்து நிறுத்திவிடும். ஒரு துண்டு விடுபட்டாலும் விடாது. எழுதுவது கஷ்டம்தான், ஆனால் அந்தக் கண்டிப்பில் நியாயம் இருந்தது.

2007-ல் வந்த முதல் ஐபோனில் ராம் 128 எம்பி. 2008-ல் வெளியாட்களும் ஆப் எழுத வழி திறந்தது. அதே 2007-ல் மேக் கம்ப்யூட்டரில் கார்பேஜ் கலெக்ஷன் கொடுத்த ஆப்பிள், ஐபோனில் அதைக் கொடுக்கவில்லை. பழைய எண்ணிக்கை முறைதான், அதுவும் எண்ணை ஏற்றுவதும் இறக்குவதும் ப்ரோகிராமர் கையால். 2011-ல் ஐஓஎஸ் 5 சமயத்தில் ஏஆர்சி என்ற ஏற்பாடு வந்து அந்த வேலையை கம்பைலரே எடுத்துக்கொண்டது. அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். ஆனால் அண்டாவும் மூடியும் அப்படியே இருந்தன. எந்தப் பக்கத்துப் பிடி தளர்வானது என்று மனுஷன்தான் இன்றும் சொல்ல வேண்டும்.

ஆண்ட்ராய்டின் முதல் போன் ஜி1, 2008 அக்டோபரில் வந்தது. ராம் 192 எம்பி. ஒரு ஆப்பின் ஜாவா பொருள்களுக்கு 16 எம்பிதான் அளவு. இங்கே ஒரு விசேஷமான பொறி உண்டு. போனைக் குறுக்கே திருப்பினால் ஆண்ட்ராய்டு வழக்கமாக அந்தத் திரையை அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டும். பழைய திரையை எங்காவது ஒரு மூலையில் யாராவது பிடித்திருந்தால் அது போகாது. திரை என்றால் சும்மா இல்லை. அதிலுள்ள படம், பட்டன், பட்டியல் எல்லாம் அதோடு ஒட்டியிருக்கும். வாலை ஒருவர் பிடித்திருந்தால் யானையே நின்றுவிடும். இப்படி நாலைந்து யானை சேர்ந்தால் 16 எம்பி கொட்டகை தாங்குமா? 2009 ஜனவரியிலேயே ஆண்ட்ராய்டு குழுவின் ரோமேன் கை இதை விளக்கி எச்சரித்து எழுதினார்.

எச்சரிக்கை வேறு, கண்டுபிடிப்பது வேறு. யார் வாலைப் பிடித்திருக்கிறார் என்று தேட, மெமரி முழுவதையும் ஒரு ஃபைலில் கொட்டி, எக்லிப்ஸ் மேட் போன்ற கருவியில் திறந்து, சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். பட்டா பார்க்க தாலுகா ஆபீஸுக்கு அலைவது மாதிரி. பொறுமை உள்ளவர்கள் செய்தார்கள். மற்றவர்கள் "எங்க போன்ல நல்லாத்தானே ஓடுது" என்றார்கள்.

2015 மே மாதம் ஸ்கொயர் கம்பெனியிலிருந்து பியர்-இவ் ரிக்கோ உருவாக்கிய லீக்கேனரி இலவசமாக வெளியானது. நிலக்கரிச் சுரங்கத்தில் விஷவாயுவை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கக் கொண்டுபோன கேனரி குருவியின் பேர். ஒரு திரை மூடியதும் அதைப் பிடிக்காமல், தூரத்திலிருந்து சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். ஐந்து விநாடி பொறுத்தும் அது போகவில்லை என்றால் மெமரியைக் கொட்டிப் பார்த்து, யார் பிடித்திருக்கிறார் என்ற சங்கிலியைப் போனிலேயே காட்டிவிடும். அவர்களுடைய ஆப்பில் மெமரி தீர்ந்து விழுவது 94% குறைந்தது என்று அப்போது எழுதினார்கள். ஒருநாள் வேலை ஐந்து நிமிஷ வேலையானது.

நாற்பதாவது கடை

என் கண்முன் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விதர்பா பக்கத்து ஊர்களில் கடை கடையாக ஏறி ஆர்டர் எடுக்கும் விற்பனைப் பையன்களுக்கான ஆப் அது. வேறு கம்பெனி எழுதியது, பராமரிப்புக்கு எங்கள் கைக்கு வந்தது. வரும்போதே ஒரு புகாரும் கூட வந்தது: மத்தியானத்துக்கு மேல் ஆப் தானாக மூடிக்கொள்கிறது, பாதி எழுதிய ஆர்டர் போய்விடுகிறது. மேலிடத்தில் அதற்கு ஒரு விளக்கமும் தயாராக இருந்தது. "பசங்களுக்கு யூஸ் பண்ணத் தெரியல, ஆர்டர் எடுக்காம சாக்குச் சொல்றாங்க." ஆர்டர் குறைந்த மாதம் ஊக்கத்தொகையும் குறைந்தது.

எங்கள் டீமில் ஒரு பெண் அந்தப் புகார்களை நேரவாரியாக அடுக்கிப் பார்த்தாள். எல்லாம் இரண்டு மணிக்கு மேல். எல்லாம் ஒரு ஜிபி, இரண்டு ஜிபி ராம் போன்கள். லீக்கேனரியைப் போட்டுப் பார்த்ததில் சங்கிலி வந்து விழுந்தது. ஒவ்வொரு கடைத் திரையும் திறக்கும்போது, ஜிபிஎஸ்ஸிடம் "இடம் மாறினால் எனக்குச் சொல்லு" என்று பேர் கொடுத்துவிட்டு, மூடும்போது பேரை எடுக்காமல் போகிறது. ப்ரின்ஸ்டன் வண்டியின் கதையேதான்! ஆபீஸில் டெஸ்ட் செய்தவர்கள் பெரிய போனில் மூன்று கடை திறந்து பார்த்து "சரி" என்று டிக் அடித்திருக்கிறார்கள். அந்தப் பையன்கள் ஒரு நாளைக்கு நாற்பது கடை ஏறுகிறார்கள்.

திருத்தம் ஒரே வரி. புகார் நின்றது. போன ஊக்கத்தொகை திரும்பி வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

நீங்கள் செய்யக் கூடியது

வீட்டில் பெரியவர்களுக்குச் சின்ன போன் வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். 2014 செப்டம்பரில் ஆண்ட்ராய்டு ஒன் என்று 6,399 ரூபாய்க்கு ஒரு ஜிபி போனை நம்ம சுந்தர் பிச்சை டெல்லியில் அறிமுகம் செய்தார். 2017-ல் ஒரு ஜிபியோ அதற்கும் குறைவாகவோ ராம் உள்ள போன்களுக்கென்றே ஆண்ட்ராய்டு கோ வந்தது. ஆக, சின்ன போன்களை கூகுளே கணக்கில் வைத்திருக்கிறது. ஆப் எழுதுகிறவர்கள்தான் சமயத்தில் மறந்துவிடுகிறார்கள்.

போட்டோவை அழித்தால் ராம் கூடாது. அது வேறு இடம், இது வேறு இடம். "ராம் க்ளீனர்" வகையறாக்களை நம்பாதீர்கள், அவையும் உட்கார்ந்து ராம்தான் தின்னும். ஒரு குறிப்பிட்ட ஆப் மட்டும் நேரம் போகப் போக மந்தமானால், அதை ஃபோர்ஸ் ஸ்டாப் செய்துவிட்டுத் திறங்கள். அப்டேட் வந்தால் போடுங்கள், இந்த மாதிரித் திருத்தங்கள் அதில்தான் வரும். மறுபடியும் அதே கதை என்றால் ஆப்காரருக்கு எந்த போன், எத்தனை மணி, எத்தனை தடவை திறந்த பிறகு என்று எழுதிப் போடுங்கள். இந்த மூன்று விவரம் இருந்தால் எங்கள் வேலை பாதி முடிந்தது.

முக்கியமாக, "உங்களுக்கு யூஸ் பண்ணத் தெரியல" என்று பெரியவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் அதை நம்பிவிடுவார்கள்.

எங்கள் டீம் மேஜையில் இப்போது ஒரு பழைய ஒரு ஜிபி போன் கிடக்கிறது. எந்த ஆப்பையும் வெளியே விடும் முன் அதில் நாற்பது கடை திறந்து மூட வேண்டும். புதிதாகச் சேருகிற பசங்களுக்கு அது பெரிய போர். இருக்கட்டும், நாற்பதாவது கடைவரைக்கும் போய்த்தான் ஆகணும்.